சென்னை மாநகராட்சித் தேர்தல்: வாக்காளர் ஏன் வரவில்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுக்க நூற்றுக்குச் சுமார் 61 பேர் வாக்களித்தார்கள். சென்னையில் 44 பேர்கூட வரவில்லை. அத்தனை மாநகராட்சிகளிலும் கடைசி இடம் சென்னைக்குத்தான். அன்று சனிக்கிழமை, விடுமுறையும் விட்டிருந்தார்கள்.

இந்தப் பேச்சு வந்தாலே, ‘படித்தவங்களுக்கு அக்கறை இல்லை, சென்னைக்காரங்களுக்குச் சோம்பல்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. கொரோனா பயம் இருந்தும் இதே சென்னையில் சுமார் 59 சதவீதம் பேர் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அதே ஊர், அதே மக்கள். அப்படியானால் குறையைத் தேர்தல் நடத்தும் முறையில் தேடுவதுதான் நியாயம்.

முதல் குறை, தேர்தல் ஒழுங்காக நடப்பதே இல்லை. 1688இல் தொடங்கிய மாநகராட்சி இது. 1973இல், தினக்கூலி ஆட்களின் வருகைப் பட்டியலான மஸ்டர் ரோலில் நடந்த ஊழலை ஒட்டி மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் வந்தது 1996இல். இடையில் 23 ஆண்டுகள் கவுன்சிலரே கிடையாது! 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. அதன்படி 1996, 2001, 2006, 2011 என்று வரிசையாக நடந்தது. 2016இல் மறுபடி அறுந்தது. இடஒதுக்கீட்டில் விதிமுறைப்படி நடக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, தள்ளிவைப்பு என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது.

அந்த ஆண்டுகளில் இந்த ஊர் என்ன பாடுபட்டது என்று யோசித்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் வார்தா புயல் அடித்து மரங்கள் சாய்ந்து தெருவெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, போய்க் கேட்க வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. 2019 கோடையில் குடிதண்ணீருக்குக் குடங்களோடு நின்றபோதும் இல்லை. ஊரடங்கு நாட்களிலும் இல்லை. எல்லாவற்றையும் அதிகாரிகளே பார்த்தார்கள். பலர் நன்றாகவே உழைத்தார்கள். ஆனால் கவுன்சிலர் இல்லாமலே ஊர் நடக்கும் என்று மக்கள் பழகிப்போனார்கள். 2011 தேர்தல் முடிந்த கையோடு 18 வயதை எட்டிய ஒரு பெண், தன் வார்டுக்கு முதன்முதலாக ஓட்டுப் போடும் வாய்ப்பு வந்தபோது 28 வயதாகியிருந்தார். அதற்குள் அவர் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் இரண்டிரண்டு முறை வாக்களித்திருக்கலாம். கவுன்சிலர் என்பவர் எதற்கு என்று அவருக்கு யார் காட்டியது?

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். 1995இலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் தவறாமல் நடக்கிறது. 2020இல் கொரோனாவுக்கு நடுவிலும் டிசம்பரில் நடத்தி முடித்தார்கள். கிராமம், நகரம் எல்லாம் சேர்த்து சுமார் 76 சதவீதம். திருவனந்தபுரம், கொச்சி போன்ற மாநகராட்சிகளில் இது குறைவு, 60ஐ ஒட்டித்தான் இருந்தது. அதுவே நம்மைவிட எவ்வளவோ மேல். அங்கே மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பங்கு உள்ளாட்சிக்கு நேரடியாகப் போகிறது. வார்டு உறுப்பினரிடம் போய்க் கேட்டால் வேலை நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. இங்கே குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம், நகரத் திட்டம் சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். கவுன்சிலர் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மேயர் தேர்தல் முறையையும் மாற்றி மாற்றிக் குழப்பிவிட்டோம். 1996இலும் 2001இலும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மறுபடி மக்கள். 2022இல் மறுபடி கவுன்சிலர்கள். அந்த முறை வாக்குப்பதிவு நாளில் மேயர் வேட்பாளர் யார் என்றே வாக்காளருக்குத் தெரியாது. முடிவுகள் வந்த பிறகுதான் வென்ற கட்சி மேயர் வேட்பாளரின் பெயரை அறிவித்தது. மேயரை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மேயர் ஒரு கட்சி, பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் இழுபறி வரும் என்கிறார்கள். வரலாம். பேசித் தீர்த்துக்கொள்ளத்தான் மன்றம் இருக்கிறது. ஆனால் ஒன்று: கேரளத்திலும் மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இதை மட்டும் மாற்றினால் கூட்டம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். காலம் தவறாத தேர்தலும் வார்டுக்கு அதிகாரமும்தான் எனக்கு முதலில் வேண்டும்.

வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2013 மேயர் தேர்தலின் இறுதிச் சுற்றில் கால்வாசிப் பேர்கூட வாக்களிக்கவில்லை. 2015இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, நகரத் தேர்தலை மாநில, தேசியத் தேர்தல்களோடு சேர்த்து வைத்தார்கள். 2022 மேயர் தேர்தலில் வாக்குப்பதிவு 40 சதவீதத்தைத் தாண்டியது. இங்கே அப்படிச் செய்தால் எண்ணிக்கை ஏறும், சந்தேகமில்லை. ஆனால் முதலமைச்சர் யார் என்ற பேச்சில் நம் தெருவின் மழைநீர் வடிகால் காணாமல் போய்விடும். அந்த விலை எனக்குச் சம்மதமில்லை.

இன்னொன்று, வார்டின் அளவு. சென்னையில் 200 வார்டுகள், 2022இல் 61 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். வார்டுக்கு முப்பதாயிரம் பேர். ஒரு கவுன்சிலர் இத்தனை பேரை எப்படித் தெரிந்துவைத்திருப்பார்? அதற்காகத்தான் கவுன்சிலரோடு சேர்ந்து இயங்கும் வார்டு குழுவும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி வாக்காளர்களும் கூடிப் பேசும் பகுதி சபையும் விதிகளில் வந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் வார்டு குழு உறுப்பினர்களை நியமிக்கிறார்கள். அந்தந்தப் பகுதி மக்களே அவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறேன். தெரு அளவில் ஓட்டுப் போட்டுப் பழகியவர் வார்டுக்கும் வருவார்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. 2016இல் தேர்தலை நிறுத்தியது கடைசி நேர இடஒதுக்கீட்டுக் குளறுபடி. ஆகவே மன்றத்தின் காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே வார்டு எல்லையும் இடஒதுக்கீடும் இறுதியாகிவிட வேண்டும், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். உங்கள் பகுதி சபைக் கூட்டம் ஆண்டுக்கு நான்கு முறை நடக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குப் போய் இதைத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.