கோடியக்கரைச் சேற்றில் கொசு உள்ளான்

வணக்கம் மக்களே! காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மணி ஆறரை, ஜனவரி மாதம், கோடியக்கரை. பின்னால் தெரிவது ஏரி இல்லை, வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. பல இடங்களில் முழங்கால்கூட நனையாது, ஆனால் சேறு காலைப் பிடித்துக்கொண்டால் செருப்பு திரும்பி வராது.

தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிகிறதா? பூநாரைகள். எல்லாரும் இதைப் பார்க்கத்தான் வருகிறார்கள், நானும் முதல்முறை அப்படித்தான் வந்தேன். தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளி, சிக்குகிற இறால் குஞ்சையும் பாசியையும் வடிகட்டித் தின்னும். அந்த ரோஸ் நிறமே அந்தத் தீனியில் இருந்து வருவதுதான்.

ஆனால் இன்றைக்கு நான் காட்ட வந்தது வேறு. இதோ, உமரிச் செடிக்குப் பக்கத்தில், உப்புப் பொருக்கு விட்டிருக்கிற அந்த ஓரத்தில் பாருங்கள், ஜூம் பண்ணுகிறேன். கொசு உள்ளான்! சிட்டுக்குருவி அளவுதான், முப்பது கிராம்கூடத் தேறாது. ரெண்டடி ஓடுகிறது, சேற்றில் ஊசி குத்துகிற மாதிரி நாலு குத்து, மறுபடி ஓட்டம். இத்தனூண்டு பறவை முட்டையிடுவது ஆர்க்டிக் ஓரத்துத் துந்திரத்தில், அதாவது மரமே வளராத குளிர்ச் சமவெளியில், அங்கே பனி இறுகும் முன்னே கிளம்பி இங்கே வந்து சேர்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது. கோடை தொடங்கும்போது திரும்பிப் பறக்க வேண்டும், அதற்கான கொழுப்பை இந்தச் சேற்றில்தான் சேர்க்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து பறக்கவிட்டுப் படம் எடுக்காதீர்கள். போன வருடம் ஒருவர் வீடியோவுக்காகக் கைதட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் ஓடினார், நூற்றுக்கணக்கான உள்ளான்கள் தின்பதை விட்டுக் கிளம்பிப் போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. 1967இலேயே சரணாலயம், 2002இல் ராம்சார் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம், எல்லாம் சரி, நாம் கரையிலேயே நிற்கப் பழகாவிட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

ஐயோ, மேலே பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து! மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது, ஒரே நேரத்தில் எப்படித் திரும்புகின்றன பாருங்கள், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சாம்பல்... போய்விட்டது. இறங்குகின்றன. சரி, இனி பேசவில்லை, கேமராவை வைத்துவிட்டு உட்காருகிறேன், நீங்களும் பாருங்கள்.