எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

அன்பான நேயர்களே, வணக்கம்.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்வோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது, மூன்று வருஷம் நான் வாயை மூடிக்கொண்டேன். மனைவிக்குத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும்.

காரணம் ஒரு எல்லைக்கல். குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் என் ரப்பர் விளையும், அதாவது தோட்டமும், பெரியப்பா மகனின் விளையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒருநாள் விடியற்காலை பால்வெட்டப் போனால், கல் இரண்டடி என் பக்கம் தள்ளி நிற்கிறது. கேட்டேன், வார்த்தை முற்றியது. அதோடு பேச்சு நின்றுபோனது.

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற மத்தேயு 5:44 வசனம் எனக்கு ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம். சத்துரு என்றால் யாரோ ரோமப் போர்வீரன் என்று நினைத்திருந்தேன். அங்கே அண்ணன் முகம் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. அந்த வசனத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சிநேகியுங்கள் என்று சொன்ன கையோடு, ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று வேலையும் கொடுத்துவிடுகிறார் இயேசு. முதலில் மனசு இளகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

சரி என்று, அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கத் தொடங்கினேன். "ஆண்டவரே, அவரைத் திருத்தும்." அது ஜெபமல்ல, புகார் மனு. பல மாதம் அப்படித்தான் போனது. ஒருநாள் அவருக்கு முட்டுவலி, நடக்க முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைக் கண்டு பயந்துபோய்த்தான் அவருடைய முட்டுக்காக ஜெபித்தேன். இத்தனை நாளும் திருந்த வேண்டிய ஆள் யார் என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடிவாங்கும் பெண்ணிடம் இந்த வசனத்தைக் காட்டி, பொறுத்துப் போ என்று சொல்வது பாவம். அநியாயத்தை அநியாயம் என்று சொல்லலாம், வழக்கும் போடலாம். அவன் அழிந்துபோக வேண்டும் என்று நினைக்கத்தான் நமக்கு அனுமதியில்லை.

நம் மாவட்டத்தின் கதையையே பாருங்கள். 1741இல் குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லாமல் தன் படையைப் பயிற்றுவிக்க வைத்துக்கொண்டார். ராஜா அதை அன்பினால் செய்தார் என்று சொல்ல மாட்டேன், அவருக்குப் பீரங்கி வித்தை தேவைப்பட்டது. ஆனால் பகைவனாக வந்த அந்த டிலனாய் மூலமாகத்தான் நட்டாலம் நீலகண்ட பிள்ளை கிறிஸ்துவை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். பகைவன் கையில் நமக்கென்று என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆண்டவர் நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்ற வசனத்தை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். இரண்டு விளையிலும் ரப்பர் மரங்கள் ஒடிந்து கிடந்தன. என் மரம் ஒன்று அவர் வீட்டு நடையை அடைத்து விழுந்திருந்தது. முட்டுவலிக்காரர் அதைத் தாண்டி எப்படி வெளியே வருவார்? வெட்டுக்கத்தியோடு போனேன். பேசவில்லை. கிளைகளைத் தறித்துப் போட்டேன், அவர் திண்ணையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வேலையில் குரல் வந்தது: "வாடே, கட்டன் குடி."

கரண்ட் இல்லை, விறகடுப்பில் போட்ட, பால் விடாத கட்டன் சாயா. புகை வாடை அடித்தது. இரண்டு தம்ளர் குடித்தேன்.

கல் இன்றும் அவர் நட்ட இடத்திலேயே நிற்கிறது. அளந்து தரச் சொல்லி இருவரும் சேர்ந்தே மனு கொடுத்திருக்கிறோம். ஜெபத்தில் அந்த வரியை இப்போது நானும் சொல்கிறேன். சில நாள் குரல் இறங்கித்தான் வருகிறது.

வணக்கம்.