ஒரு தீவு, ஒரு சுவடி, ஒரு ராக் குழு

[திரையில்: சாம்பல் நிறக் கடல். தூரத்தில் தாழ்வாக ஒரு தீவு. காற்றின் சத்தம் மட்டும்.]

வணக்கம். இன்றைக்கு அயோனா என்ற ராக் குழுவின் கதையைச் சொல்லப் போகிறேன். ஆனால் குழுவுக்கு முன்னால் தீவைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு எதுவும் புரியாது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மல் என்று ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதன் தென்மேற்கு முனையில், படகில் பத்தே நிமிடத்தில் கடந்துவிடுகிற ஒரு சின்ன நீர்ப்பரப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டு நிலம். அதுதான் அயோனா. நீளம் சுமார் 5 கிலோமீட்டர், அகலம் ஒன்றரை. கி.பி. 563-இல் அயர்லாந்திலிருந்து கொலும்பா என்ற துறவி 12 பேரோடு படகில் வந்து இங்கே ஒரு மடம் கட்டினார். 597-இல் இங்கேயே இறந்தார். ஐரிஷ் மக்கள் அவரைக் கொலம்கில் என்பார்கள், திருச்சபையின் புறா என்று பொருள். அந்த மடத்திலிருந்துதான் ஸ்காட்லாந்துக்குள்ளும் வட இங்கிலாந்துக்குள்ளும் கிறிஸ்தவம் பரவியது.

அப்புறம் வைக்கிங்குகள் வந்தார்கள், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்து கொள்ளையடித்தவர்கள். ஒரு முறை இரு முறை இல்லை, திரும்பத் திரும்ப வந்தார்கள். 806-இல் நடந்த தாக்குதலில் மட்டும் 68 பேர் கொல்லப்பட்டதாக ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. மிஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டி அயர்லாந்தின் கெல்ஸ் என்ற ஊருக்குப் போனார்கள். அவர்கள் கையோடு ஒரு சுவடியும் போயிருக்கலாம் என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்தச் சுவடி இந்தக் கதையில் மறுபடி வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: 1989]

சரி, குழுவுக்கு வருவோம். 1980-களின் கடைசியில் பிரிட்டனில் ஏட்ரியன் ஸ்னெல் என்ற கிறிஸ்தவப் பாடகர் ஒருவர் இருந்தார். பைபிள் கதைகளை நீளமான இசைப் படைப்புகளாகச் செய்து பெயர் வாங்கியவர். அவருக்குப் பின்னால் வாசித்தவர்களில் இரண்டு டேவ்கள்: டேவ் பெய்ன்பிரிட்ஜ், கிதாரும் கீபோர்டும் சமமாக வாசிப்பவர், டேவ் ஃபிட்ஸ்ஜெரால்ட், சாக்ஸபோன், புல்லாங்குழல், டின் விசில் என்று ஊதுகிற கருவி எதைக் கொடுத்தாலும் ஊதுபவர். இவர்களோடு வட அயர்லாந்திலிருந்து ஜோஆன் ஹாக் என்ற பாடகி சேர்ந்தார். மூன்று பேர். 1989-இல் குழுவுக்குத் தீவின் பெயரையே வைத்தார்கள்.

அந்த ஆண்டு அப்படி ஒரு குழுவைத் தொடங்குவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ப்ராக்ரசிவ் ராக் என்பது, சுருக்கமாகச் சொன்னால், மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்தவர்களின் இசை: பத்து நிமிடம், இருபது நிமிடம் நீளும், தாளம் மாறும், ஒரு ஆல்பம் முழுக்க ஒரே கருப்பொருள் ஓடும். 1970-களின் முதல் பாதியில் அது உச்சத்தில் இருந்தது. 1976, 77-இல் பங்க் என்ற குட்டையான, முரட்டு ராக் வந்ததும் பத்திரிகைகள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டன. எண்பதுகளில் மரிலியன் மாதிரி சில குழுக்கள் மீட்டுப் பார்த்தன, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், கிறிஸ்தவ இசைச் சந்தைக்கு வேண்டியது சபையில் எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய, செய்தி பளிச்சென்று தெரிகிற, வானொலிக்கு ஏற்ற சின்னப் பாட்டு. ப்ராக் ரசிகர்களுக்குப் பிரசங்கம் பிடிக்காது, சபைக்காரர்களுக்குப் பன்னிரண்டு நிமிட வாத்திய இசை பிடிக்காது. இரண்டு கதவும் பாதி மூடிய நேரத்தில்தான் இவர்கள் வந்து நின்றார்கள்.

ஆனாலும் அவர்களுக்கு ஒரு மூன்றாவது வழி தெரிந்தது, என்னைப் பொறுத்தவரை இந்தக் குழுவின் சாரமே அதுதான்: விசுவாசத்தை அறிக்கையாகச் சொல்லாமல் ஒரு இடத்தின் வழியாக, அந்த இடத்தின் மணல், காற்று, பறவை, அங்கே செத்தவர்கள் எல்லாவற்றின் வழியாகவும் சொல்வது.

[திரையில்: மணலும் புல்லும் கலந்த கடற்கரைச் சமவெளி, சின்னச் சின்னப் பூக்கள்]

1990-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரும் அயோனாதான். பாட்டுகளின் பெயர்களை மட்டும் படித்தாலே தீவைச் சுற்றி ஒரு நடை போய்வந்த மாதிரி இருக்கும். தீவு என்று ஒரு பாட்டு, வெண்மணல் என்று ஒரு பாட்டு, கொலம்கில் என்று ஒரு பாட்டு. ஒன்றின் பெயர் மஹைர். அது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிச் சொல். அட்லாண்டிக் காற்று ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உடைந்த சிப்பிப் பொடியை நிலத்துக்குள் வீசி வீசிச் சேர்த்ததில் உருவான தட்டையான புல்வெளிக்கு அந்தப் பெயர், கோடையில் முழுக்கப் பூத்துக் கிடக்கும். அயோனாவின் மேற்குப் பக்கத்தில் அப்படி ஒரு புல்வெளி இருக்கிறது. காட்டு வாத்தின் பறத்தல் என்று இன்னொரு பாட்டு. அயோனாவில் 1938-இல் ஜார்ஜ் மக்லியோட் என்ற போதகர், கிளாஸ்கோவில் வேலையில்லாமல் இருந்த கைவினைஞர்களையும் இளம் போதகர்களையும் கூட்டிப்போய் இடிந்துகிடந்த மடத்துக் கட்டடங்களை மறுபடி எழுப்பத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அயோனா சமூகம். அவர்கள் தூய ஆவிக்கு வைத்திருக்கும் சின்னம் காட்டு வாத்து. சாந்தமாக வந்து தோளில் உட்காரும் புறா இல்லை, கத்திக்கொண்டு, யார் பிடிக்கும் சிக்காமல், தன் திசையில் பறக்கிற பறவை. இந்தத் தகவல் தெரிந்தபின் அந்தப் பாட்டைக் கேட்டால் அது வேறு பாட்டாகிவிடுகிறது.

அதே ஆல்பத்தில் பெய்ஜிங் என்று ஒரு பாட்டும் இருக்கிறது. குழு தொடங்கிய அதே 1989-இன் ஜூன் மாதத்தில்தான் பெய்ஜிங்கின் தியனன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டுப் போராடியவர்கள் மேல் ராணுவம் இறங்கியது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ரத்தசாட்சிகளுக்குப் பக்கத்தில் நேற்றைய ரத்தத்தையும் வைத்திருக்கிறார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் குழுவை மற்ற ராக் குழுக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது இல்லன் பைப்ஸ் என்ற கருவி. ஸ்காட்லாந்து பேக்பைப்பை வாயால் ஊதுவார்கள், நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி. இது அயர்லாந்தின் கருவி. உட்கார்ந்து வாசிப்பது. வாயை வைக்கவே வேண்டாம், ஒரு கையின் முழங்கைக்கு அடியில் சின்னத் துருத்தி, அதை அமுக்க அமுக்கக் காற்று பைக்குள் போகும், இன்னொரு முழங்கை பையை அழுத்தும், விரல்கள் குழலில் ஓடும். இல்லன் என்பது ஐரிஷ் மொழியில் முழங்கையோடு சம்பந்தப்பட்ட சொல்தான். கூடவே சுருதிக்குழல்கள் அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ட்ராய் டொனாக்லி என்ற இளைஞர் அதை வாசிக்க வந்தார், முதலில் விருந்தினராக, பிறகு குழுவின் ஆளாகவே ஆகிவிட்டார். மெட்டல் இசை கேட்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும், பின்லாந்தின் நைட்விஷ் குழுவில் இப்போது இருப்பவர் அவர்தான்.

எனக்குப் பிடித்த இன்னொரு வருகை நிக் பெக்ஸ். 1983-இல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஒரு பாப் பாட்டு, கஜகூகூ என்ற குழுவினுடையது. முடியில் மணி கோத்துக்கொண்டு பதின்வயதுப் பெண்களின் சுவரொட்டிகளில் சிரித்த அந்தக் குழுவின் பேஸ் கிதார்காரர்தான் பெக்ஸ். அவர் இங்கே கொண்டுவந்தது சாப்மன் ஸ்டிக். பலகை மாதிரி இருக்கும், பத்து, பன்னிரண்டு தந்திகள், மீட்ட வேண்டியதில்லை, இரண்டு கை விரல்களாலும் தட்டித் தட்டி வாசிக்க வேண்டும், ஒரே ஆள் பேஸும் மெட்டும் சேர்த்துக் கொடுக்கலாம். டிரம்ஸுக்கு டெர்ல் பிரையன்ட். மூன்று பேராக ஆரம்பித்தது ஒரு முழுக் குழுவாகிவிட்டது.

[திரையில்: ஒரு சுவடியின் பக்கம், மெதுவாக நெருங்கிப் போகிறோம்]

இப்போது அந்தச் சுவடி. 1992-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் பெயர் கெல்ஸ் சுவடி. நான்கு நற்செய்திகளையும் லத்தீனில் எழுதிய கையெழுத்துப் பிரதி, கன்றுத்தோலில், ஏறக்குறைய கி.பி. 800 வாக்கில். மிஞ்சியிருப்பது 340 தாள்கள், அதாவது 680 பக்கம். 1007-இல் கெல்ஸிலிருந்து திருட்டுப் போய், பொன் அட்டை பிய்க்கப்பட்டு, மண்ணுக்கடியில் கிடந்து கிடைத்தது என்று ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. இன்று டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது.

இந்தப் பக்கத்தைப் பாருங்கள். கை ரோ பக்கம் என்பார்கள், கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்துகள். மத்தேயு நற்செய்தியில் வம்ச வரலாறு முடிந்து பிறப்பின் கதை தொடங்குகிற இடம். அந்த ஓரிரு எழுத்துக்காக ஒரு முழுப் பக்கத்தையே கொடுத்துவிட்டார் எழுதியவர். எழுத்தின் கால் வளைந்து கொடியாகி, கொடிக்குள் சுழல், சுழலுக்குள் சுழல், கண்ணால் தொடர முடியாத அளவு நுணுக்கம். இப்போது கீழே வாருங்கள். அடிப்பகுதியில் இரண்டு பூனைகள் உட்கார்ந்திருக்கின்றன. எதிரே இரண்டு எலிகள், நடுவில் ஒரு வட்டமான அப்பம், நற்கருணை அப்பம் மாதிரி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு நீர்நாய், வாயில் மீன். ஆண்டவரின் பெயருக்கு அடியில் ஒரு துறவி, தன் மடத்துச் சமையலறையில் தினமும் பார்த்திருக்கக்கூடிய பூனையையும் எலியையும் வரைந்து வைத்திருக்கிறார்.

ப்ராக் ராக்கின் நீளத்தைக் குறை சொல்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். சில காரியங்களுக்கு அவ்வளவு இடம் வேண்டும். அயோனா குழு அதைத்தான் இசையில் செய்தது. சுவடியில் மத்தேயுவுக்கு மனிதன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்குக் கன்று, யோவானுக்குக் கழுகு என்று சின்னங்கள் உண்டு. ஆல்பத்தில் நாலுக்கும் நாலு பாட்டு, கை ரோ பக்கத்துக்கு ஒரு பாட்டு, கெத்செமனே தோட்டத்தில் இயேசு கைதானதற்கு ஒன்று, கன்னியும் குழந்தையும் பக்கத்துக்கு ஒன்று. மத்தேயு பாட்டு மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும், ஆனால் எங்கேயும் அவசரப்படாது. குரல் வந்து, அடங்கி, கிதார் நீண்டு, விசில் மேலே ஏறி, மறுபடி குரல். வார்த்தையே இல்லாத நிமிடங்கள் நிறைய இருக்கின்றன, அவையும் எனக்கு ஜெபமாகத்தான் படுகின்றன. ட்ரினிட்டி கல்லூரி சுவடி முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஒரு ஜன்னலில் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள், நான் ஒரு மழை நாளில் அப்படிச் செய்துதான் இந்த வீடியோ எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

1993-இல் மூன்றாவது ஆல்பம், இந்தக் கரைகளுக்கு அப்பால். இந்தத் தடவை பிரெண்டன் என்ற ஆறாம் நூற்றாண்டு ஐரிஷ் துறவி, தோல் படகில் மேற்கே போய் ஆசீர்வதிக்கப்பட்ட தீவைத் தேடியதாகச் சொல்லும் பழைய பயணக் கதை. கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது: 1976, 77-இல் டிம் செவரின் என்பவர் பழைய முறைப்படி தோல் படகு கட்டி அயர்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை போய்க் காட்டினார். இந்த ஆல்பத்தில் விருந்தினராக கிதார் வாசித்தவர் ராபர்ட் ஃப்ரிப். கிங் கிரிம்சன் குழுவின் ஃப்ரிப்! ப்ராக் என்ற வகையே பிறந்த 1969-இல் அதன் பிரசவ அறையில் நின்ற மனிதர், கிறிஸ்தவக் குழு ஒன்றின் ஆல்பத்தில் கடல் மூடுபனி மாதிரி மெல்லிய ஒலித்திரையை விரித்துவிட்டுப் போனார். பாதி மூடியிருந்த ப்ராக் கதவு அன்றைக்கு நன்றாகவே திறந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் விலகினார், பெக்ஸும் பிறகு போனார். பெய்ன்பிரிட்ஜும் ஹாக்கும் மட்டும் கடைசிவரை இருந்தார்கள்.

[திரையில்: 1996. இருட்டு, மெல்ல வெளுக்கும் வானம்]

ஆரம்ப ஆண்டுகளின் எல்லையாக நான் வைப்பது 1996, விடியலுக்குள் ஒரு பயணம் என்ற ஆல்பம். அது ஐரிஷ் கேலிக் மொழியில் தொடங்குகிறது. பாட்டு சபைக்குப் போகிறவர்களுக்கு முன்பே தெரிந்த பழைய ஐரிஷ் வேண்டுதல். 1905-இல் மேரி பைர்ன் ஆங்கிலத்தில் பெயர்த்தார், 1912-இல் எலினர் ஹல் செய்யுளாக்கினார், உலகம் முழுக்கச் சபைகளில் பாடுகிற கீதமாகிவிட்டது. நீரே என் பார்வையாயிரும் என்று ஆண்டவரிடம் கேட்கிற பாட்டு. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் மனப்பாடமான அதை ஜோஆன் ஹாக் பழைய மொழிக்கே திருப்பிக் கொண்டுபோய்ப் பாடுகிறார். ஆல்பத்தின் முடிவுக்குப் பக்கத்தில் அதே கீதம் இன்னொரு தடவை வருகிறது.

முதல் முறை கேட்பவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், முதல் பாட்டுக்கு அறை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

[திரை இருளாகிறது. காற்றின் சத்தம் மறுபடி.]