அடி எங்கே போகிறது?

அன்பு நேயர்களே, வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் 30 ஆண்டுகள் அடிபட்ட வண்டிகளைச் சீர்செய்து பிழைத்தவன் நான். பம்பருக்கு முன்னால் இரும்புக் குழாயில் 'புல் பார்' மாட்டினால் சின்ன மோதல்களில் வண்டி தப்பிக்குமா என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அடி எங்கே போகிறது?

ஒரு தைப்பூசக் காவடி நாள். கோயிலுக்குப் போகும் தெருவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் மாமனாரின் சிறிய கார், பின்னால் புல் பார் மாட்டிய மருமகனின் பக்கி, அதாவது பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி. பால்குடத்தைத் திரும்பிப் பார்த்த நொடியில் பக்கி காரின் பின்புறம் முட்டிவிட்டது. மருமகன் இறங்கிக் குழாயைத் தடவிப் பார்த்து, "மாமா, நல்லவேளை, என் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை" என்றார்.

மாமாவின் காரை மறுநாளே கொண்டுவந்தார்கள். பம்பரின் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தது, உள்ளே இருந்த வெள்ளை நுரைக்கட்டி அப்பளம்போல் நொறுங்கியிருந்தது. இரண்டையும் மாற்றினோம், கார் புதிதுபோல் ஆகிவிட்டது. ஒரு மாதம் கழித்து மருமகன் வந்தார். பானட் சரியாக மூடவில்லை என்றார். குழாயைக் கழற்றினேன். அதைத் தாங்கிய போல்ட்டுகளின் துளைகள் முட்டை வடிவில் இழுபட்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால், வண்டியின் அடிச்சட்டமான சேஸியின் முன்முனை புடவைக் கொசுவம்போல் மடிந்திருந்தது. குழாயில் மட்டும் உண்மையாகவே ஒரு கீறலும் இல்லை!

நுரைக்கட்டி நொறுங்கியதைக் குறையாக நினைக்காதீர்கள், அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். உறை, நுரை, அதன் பின்னால் குறுக்குச் சட்டம். பல கார்களில் அந்தச் சட்டத்தின் இரு முனைகளிலும் நசுங்குவதற்கென்றே சிறு பெட்டிகளும் உண்டு. அடியை இவை வரிசையாக விழுங்கும். விறைப்பான குழாய் விழுங்காது. வாங்கிய அடியைத் தன் போல்ட்டுகள் வழியே சேஸியிடம் கொடுத்துவிடும். அடி எங்கே போகிறது? விலை குறைந்த பாகத்தைத் தாண்டி விலை கூடிய பாகத்துக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள். மணிக்கு 5 கிலோமீட்டரில் தாங்கியது 10 கிலோமீட்டரிலும் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது.

புல் பாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கால்நடைகள் குறுக்கே வரும் பண்ணைச் சாலைகளில் ரேடியேட்டரைக் காக்க அது உதவும். ஆனால் அந்த மாடலுக்கென்றே செய்ததாக, ஏர்பேக்கோடு ஒத்துப்போவதாகச் சோதித்ததாக இருக்க வேண்டும். வாகனம் நிறுத்துமிடத்து உரசல்தான் கவலை என்றால் ரப்பர் பட்டை போதும். அது பெயின்ட்டைக் காக்கும். பின்னால் இழுவைக் கொக்கி இருப்பதால் பயமில்லை என்பவர்களுக்கும் சொல்கிறேன்: அதுவும் சேஸியில் மாட்டியதுதான், அடி அங்கேயும் அதே வழியில்தான் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டது. நடந்து போகிறவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். பம்பரின் உறையும் நுரையும் ஒரு காலில் பட்டால் சற்றாவது அமுங்கிக் கொடுக்கும். இரும்புக் குழாய் அமுங்காது, குழந்தை என்றால் அது நெஞ்சுக்கும் தலைக்கும் நேராக நிற்கும். இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய அரசு இவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் நாளைக் காலை குனிந்து அந்த போல்ட் துளைகளை ஒருமுறை பாருங்கள். வணக்கம்.