பாண் ஓட்டோவும் முதலாம் வருட உளவியலும்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்பஸுக்கு இடம் கிடைத்து, உளவியலை ஒரு பாடமாக எடுக்கப் போகும் பிள்ளைகளோடுதான் இன்று கதைக்க வந்திருக்கிறேன். "மனிசரைப் பற்றின பாடந்தானே, வாசிச்சா விளங்கும்" என்று எடுப்பவர்கள் அதிகம். விளங்கத்தான் செய்யும். இடறுவதும் அங்கேதான். வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். வினாத்தாளில் ஒரு புதுச் சம்பவத்தைத் தந்து "இதில் தூண்டி எது, துலங்கல் எது" என்று கேட்டதும் பேனை நின்றுவிடும். நம்மைத் தூண்டுவது தூண்டி, அதற்கு நாம் காட்டும் பதில் துலங்கல்.

பாணும் பணிசும் விற்றுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவை எடுங்கள். பின்னேரம் ஒழுங்கைக்குள் அதன் பாட்டுக் கேட்கிறது, வாய் ஊறுகிறது. ரஷ்ய ஆய்வாளர் பவ்லோவ் ஒரு சத்தத்தோடு சேர்த்து உணவு கொடுத்துப் பழக்கிய நாய்க்கு நடந்ததும் இதுதான். பணிஸ் வாயில் பட்டதும் உமிழ்நீர் ஊற யாரும் பழக்கத் தேவையில்லை. ஆகவே பணிஸ் நிபந்தனைப்படாத தூண்டி. பாட்டு முதலில் வெறும் சத்தம். பணிசோடு பல நாள் சேர்ந்து வந்த பிறகே அது நிபந்தனைப்பட்ட தூண்டி. பலர் இவை இரண்டையும் மாற்றி எழுதுகிறார்கள். "பழகாமலே வேலை செய்வது எது?" என்று முதலில் கேட்டுக்கொண்டால் அந்தப் பிழை வராது. வாய் ஊறுவது பவ்லோவின் கணக்கு. காசை எடுத்துக்கொண்டு படலைக்கு ஓடுவதோ, விளைவுதான் நடத்தையைக் கூட்டும் குறைக்கும் என்ற அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் கணக்கு, ஏனென்றால் ஓடினால்தான் பணிஸ் கிடைக்கும்.

ஸ்கின்னரிடம் வந்தால் எல்லாரும் விழும் கிடங்கு 'எதிர் மீளவலியுறுத்தல்'. 'எதிர்' என்று கண்டதும் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே 'எதிர்' வெறும் கழித்தல் அடையாளம். தலையிடிக்குப் பனடோல் போடுகிறோம், இடி போகிறது, அடுத்த முறையும் பனடோலைத் தேடுகிறோம். தொல்லை ஒன்று கழிந்ததால் நடத்தை கூடியது. நடத்தை கூடினால் மீளவலியுறுத்தல், குறைந்தால் தண்டனை. கூட்டலா கழித்தலா என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்.

பெயர்களையும் ஆண்டுகளையும் பாடமாக்குவதில் பிள்ளைகள் கெட்டிக்காரர். முதல் உளவியல் ஆய்வுகூடம் வுண்ட், லைப்சிக், 1879 என்று ஒப்புவிப்பார்கள். புள்ளி போவது ஆய்வுமுறையில். உளவியலாளர்களான லொப்டஸும் பாமரும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் 45 மாணவருக்கு வாகன விபத்துக் குறும்படங்கள் காட்டப்பட்டன. வாகனங்கள் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்று சிலரிடமும், "தொட்டபோது" என்ன வேகம் என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். முன்னவர்கள் சராசரியாக மணிக்கு ஏறத்தாழ 41 மைல் என்றார்கள், பின்னவர்கள் 32. ஆய்வாளர் மாற்றிப் பார்த்த வினைச்சொல் சாரா மாறி, அதனால் மாறிய, மாணவர் சொன்ன வேகம் சார்ந்த மாறி. இதைக் கரைத்துக் குடித்தவர்கூட, ஆட்களை எழுமாற்றாக, அதாவது குலுக்கல்போல, தெரிவுசெய்வதையும் தெரிவானவர்களைக் குழுக்களுக்கு எழுமாற்றாக ஒதுக்குவதையும் ஒன்றென்று எழுதுவார். முடிவை வெளியே எத்தனை பேருக்குப் பொருத்தலாம் என்பதை முன்னது காட்டும். காரணம் இதுதான் என்று சொல்ல விடுவது பின்னது.

தமிழில் படிப்பவர்களுக்குக் கலைச்சொல் தனித் தலையிடி. நாங்கள் நிபந்தனைப்படுத்தல் என்பதைத் தமிழ்நாட்டுப் புத்தகம் ஆக்கநிலையிறுத்தம் என்னும். மீளவலியுறுத்தல் அங்கே வலுவூட்டல். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: எங்கள் சொல், அவர்கள் சொல், ஆங்கிலச் சொல். பக்கத்தில் நீங்களே யோசித்த ஓர் உதாரணமும் இருக்கட்டும். சீனியர் தந்த போட்டோக்கொப்பி நோட்ஸில் உள்ள உதாரணம் வேண்டாம். அதைத்தான் வகுப்பு முழுக்க எழுதும்.

படிக்கும் முறைக்கு இந்தப் பாடத்திலேயே மருந்து இருக்கிறது. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பந்தியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் கூடுதலாக நினைவுகூர்ந்தார்கள். ஒரு கிழமைக்குப் பிறகோ அவர்களிடம் 42 வீதமே எஞ்சியது. திரும்ப வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களிடம் 56 வீதம் இருந்தது.

ஆகவே விரிவுரை நடந்த அன்று இரவே கொப்பியை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் எழுதுங்கள். விட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். மூன்றாம் நாளும் ஒரு கிழமையிலும் அதையே செய்யுங்கள். முதல் தாள் பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் வரும். அதைக் கண்டு மனம் விட்டுப் பழையபடி வாசிப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். மாணவர்கள் தங்களுக்குள்ளே நடத்தும் குப்பி வகுப்பிலும் சொல்லித் தருபவருக்கே அதிகம் ஏறுகிறது, அவர்தானே நினைவிலிருந்து எடுக்கிறார். முறை வைத்து எல்லாரும் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்காரருக்கும் ஒன்று. முதலாம் வருடப் பிள்ளையிடம் "தம்பி, மாமாவுக்கு நித்திரையே இல்லையாம், என்னெண்டு பார்" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை படிப்பது அறிமுகம் மட்டுமே. மாமாவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். உடனே கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

வணக்கம்.