வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?

அன்பானவர்களே, குடும்பத்தைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்சு வந்தாலே நம் சபைகளில் முதலில் எடுக்கிற வசனம் 1 தீமோத்தேயு 5:8. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறார் பவுல். வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? அதே அதிகாரத்தை 4ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். விதவையான தாயையும் பாட்டியையும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே பேச்சு. கையில் வைத்துக்கொண்டே கொடுக்காதவனைப் பவுல் கண்டிக்கிறார். வழியில்லாமல் தவிக்கிறவனை அடிக்க இந்த வசனத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

சரி, வழியில்லாதவர்களுக்கு வேதம் என்ன காட்டுகிறது? 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோகிறார். கர்த்தருக்குப் பயந்து நடந்தவர்தான். ஆனாலும் கடன் இருந்தது. கடன் கொடுத்தவன் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்துவிட்டான். பக்தி இருந்தால் கடன் வராது என்று யாராவது சொன்னால், இந்த வீட்டைக் காட்டுங்கள்.

இறந்தவருடைய மனைவி, தீர்க்கதரிசியான எலிசாவிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நம் வீடுகளில் இதுதான் நடப்பதில்லை. வாரத் தவணை வசூலிக்க ஆள் வந்தால், "அப்பா இல்லை" என்று பிள்ளையைச் சொல்ல வைக்கிறோம். நகை அடகில் இருப்பது மனைவிக்குத் தெரியாது. சீட்டுப் பணம் எங்கே போனதென்று கணவனுக்குத் தெரியாது.

வீட்டில் என்ன இருக்கிறது என்று எலிசா கேட்கிறார். ஒரு குடம் எண்ணெய், வேறொன்றும் இல்லை. அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் வெறும் பாத்திரங்களை நிறையக் கேட்டு வாங்கி வரச் சொல்கிறார். புருஷனை இழந்து, கடனில் நிற்கிறவள், வீடு வீடாகப் போய்க் கேட்க எவ்வளவு கூசியிருப்பாள்! கர்த்தர் நினைத்திருந்தால் யாருக்கும் தெரியாமல் அவள் வீட்டை நிரப்பியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுப் பாத்திரங்களில்தான் அந்த எண்ணெய் நிரம்பியது. அப்புறம் கதவைப் பூட்டிக்கொண்டு, பிள்ளைகள் பாத்திரங்களை எடுத்துக் கொடுக்க, அவள் வார்க்கிறாள். அடிமைகளாகப் போக இருந்த அதே பிள்ளைகள்! வீட்டுக் கஷ்டத்தை அவர்களிடம் அவள் மறைக்கவில்லை, வேலையில் சேர்த்துக்கொண்டாள். கடைசியில் எலிசா சொன்ன வரிசையையும் பாருங்கள்: எண்ணெயை விற்க வேண்டும், கடனைத் தீர்க்க வேண்டும், மீந்ததில் ஜீவனம்பண்ண வேண்டும்.

ரூத்தின் கதை உங்களுக்குத் தெரியும். மாமியாருக்காகக் கதிர் பொறுக்கினாள். உழைப்பு அவளுடையது. ஆனால் வயலோரத்தை முழுவதும் அறுக்காமல் எளியவனுக்கு விடச் சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரக் கட்டளையை மதிக்கிற, அந்த வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் அங்கே இருந்தார்.

கடைசியாக நெகேமியா 5. பஞ்சம். தானியத்துக்காக நிலத்தையும் வீட்டையும் அடகு வைக்கிறார்கள், ராஜாவின் வரிக்குக் கடன் வாங்குகிறார்கள், பிள்ளைகள் அடிமைகளாகிறார்கள். யூதா தேசத்து அதிபதியாயிருந்த நெகேமியாவுக்குக் கோபம் வந்தது. பசித்தவர்கள்மேல் அல்ல, தங்கள் சகோதரரிடமே வட்டி வாங்கிய பெரியவர்கள்மேல். சபையைக் கூட்டி, இந்த வட்டியை விட்டுவிடுவோம், நிலத்தையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். அவர்களும் சம்மதித்தார்கள்.

இங்கே கடன் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள், வீட்டை வாடகைக்கு விட்டவர்களும் இருக்கிறீர்கள். இன்று இரவு இந்த அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். கணக்கு நோட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு வட்டியைத் தள்ளலாம், யாருக்கு இரண்டு மாதம் தவணை கொடுக்கலாம் என்று அங்கேயே பேசி முடிவெடுங்கள்.