பேச்சுதானே என்று விட்டுவிட முடியாது

நடுவர் அவர்களே, ஈரோட்டுப் பெருமக்களே, வணக்கம். பேச்சின் வழியே மனத்துயரைத் தணிக்கும் உளவியல் சிகிச்சையில் விஞ்சி நிற்பது நன்மையே என்று வாதிட்ட எதிரணி நண்பர், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே 6 முதல் 8 அமர்வுகளில் கடும் மனச்சோர்வைத் தணித்த ஆய்வை எடுத்துரைத்தார். அந்த ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் இறுதியில் அவர், "பேசுவதால் யாருக்கு என்ன கெட்டுவிடும்?" என்று கேட்டாரே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

விபத்தில் தப்பியவரை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்லச் செய்யும் ஒற்றை அமர்வு பல நாடுகளில் நல்லெண்ணத்தோடுதான் நடத்தப்பட்டது. அதுபற்றிய சோதனைகளைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, அதாவது மருத்துவச் சான்றுகளை எடைபோடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் அறிக்கை, விபத்தின் அதிர்ச்சியால் பின்னாளில் வரும் மனநோயை அந்த அமர்வு தடுக்கவில்லை என்று கண்டது. ஒரு சோதனையிலோ, ஓராண்டு கழித்து, அமர்வு பெற்றவர்களிடமே அந்நோய் மிகுந்திருந்தது. தன்பாலின ஈர்ப்பை "மாற்றுகிறோம்" என்ற பெயரில் நடந்த கொடுமைக்கும் ஆலோசனை என்றுதானே பெயர்? அதற்குத் தடை விதிக்க 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது.

என் சின்னம்மா மகள் மணவாழ்க்கைத் துயரோடு ஓர் ஆலோசகரிடம் போனாள். அவர் அவள் மாமியார் வீட்டுக்கு உறவு என்பது அவளுக்குத் தெரியாது. அறைக்குள் அழுது சொன்னது ஒரே வாரத்தில் மாமியாரின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அவள் எங்களிடம்கூட மனம் திறந்து பேசவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பை நோயாளியின் உரிமை என்கிறது; ஆனால் எந்தத் தெருவில் திரும்பினாலும் பங்காளியோ மாமன் மச்சானோ எதிர்ப்படும் நம் கொங்குச் சீமையில், அந்த உரிமை மீறப்பட்டால் ஒரு பெண் யாரிடம் போய் முறையிடுவாள்?

சிகிச்சைக்கு வருவோரில் 100-க்கு 5 முதல் 10 பேர், வந்தபோது இருந்ததைவிட மோசமாகிறார்கள் என்பது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அத்தனை பேரும் சிகிச்சையாலேயே கெட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, நோயே முற்றியிருக்கலாம். ஆனால் எது காரணம் என்று கண்டறிய, ஒவ்வோர் அமர்விலும் அவர்கள் நிலையைக் கேட்டுக் குறித்துவைப்பவர்கள் எத்தனை பேர்? மாத்திரைக்காவது பக்கவிளைவுகளை அச்சிட்டுத் தருகிறார்கள். பேச்சுச் சிகிச்சைக்கு அப்படி ஒரு தாளை நம் ஊரில் யாராவது நோயாளியின் கையில் கொடுத்ததுண்டா? அடுத்துப் பேச வரும் எதிரணியினர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.